ஓயாச் சமரும் காண்போர் உள்ளமும்: ஓர் அறவியல் நோக்கு

சண்டைத் திரைப்படங்களைப் பற்றிக் கற்றோர் மத்தியிலே நிலவும் அபிப்பிராயம் பெரும்பாலும் ஒரே தன்மையது. அவை கதையற்றவை, கீழான ரசனைக்குத் தீனியிடுபவை, இளைஞர் மனத்தை முரடாக்குபவை என்பன அடிக்கடி முன்வைக்கப்படும் குற்றச்சாட்டுக்கள். இவ்வாறு கூறுவோருட் பலர், அத்தகைய படமொன்று தொடங்கிய பின்னர் இறுதிக் காட்சிவரை இருக்கைவிட்டு எழாதவர் என்பதும் உண்மை. தாம் இகழும் ஒன்றிலிருந்து ஒருவரால் ஏன் கண்ணை எடுக்க முடிவதில்லை என்னும் வினா ரசனையோடு மட்டும் நின்றுவிடுவதன்று. அது ஒழுக்கம் பற்றிய வினாவுமாகும். பிறர் அடிபடுவதையும் வீழ்வதையும் நூறு நிமிடங்கள் இமையாது பார்த்து மகிழ்பவன் எதனைக் கண்டு மகிழ்கிறான்? அம்மகிழ்ச்சி அவனைப் பற்றி என்ன கூறுகின்றது?

இவ்வினாவுக்கு வழக்கமாக இரண்டு விடைகள் கூறப்படும். அரிஸ்ரோட்டில் துன்பியல் நாடகம் குறித்துக் கூறிய உணர்ச்சித் தூய்மையாக்கக் கொள்கையைத் துணைக்கழைத்து, உள்ளத்தில் அடங்கிக் கிடக்கும் வன்முறை இப்படங்களின் வாயிலாக வடிந்துவிடுகின்றது என்பது ஒன்று. அரிஸ்ரோட்டில் பேசியது இரக்கத்தையும் அச்சத்தையும் பற்றியே. சண்டைப் படங்களிலோ இரக்கத்துக்கு இடம் மிகக் குறைவு. வீழ்ந்தவனுக்காக எவரும் இரங்குமுன் அடுத்தவன் வந்துவிடுகிறான். ஆதலால் அக்கொள்கையை இங்கே பொருத்துவது கடினம். மற்றைய விடை, இவையெல்லாம் வெறும் நடிப்பு என்பது. நடிப்புத்தான், ஆயினும் எண்ணிறந்த நடிப்புக்கள் இருக்க, மனிதர் இந்த நடிப்பை ஏன் நாடுகின்றனர் என்பதற்கு அது விடையாகாது.

பண்டைய அறிஞர் இதனை இவ்வளவு இலேசாக விட்டுவிடவில்லை. பிளேற்றோவின் 'குடியரசு' நூலின் நான்காம் பகுதியிலே லியோன்தியஸ் என்பவனின் கதை வருகின்றது. பிரேயஸ் துறைமுகத்திலிருந்து ஏதென்ஸ் நோக்கி வரும் வழியில், மதிற்புறத்தே, கொலைத்தண்டனை நிறைவேற்றுவோனின் அருகில் பிணங்கள் கிடக்கக் காண்கிறான். பார்க்க வேண்டும் என்ற ஆசை ஒருபுறம், அருவருப்பு மறுபுறம். முகத்தை மூடிக்கொண்டு சிறிது நேரம் தன்னோடு தானே போராடி, ஈற்றில் ஆசை மேலோங்க, கண்களை அகல விரித்துக்கொண்டு பிணங்களை நோக்கி ஓடித் தன் கண்களையே சபிக்கிறான். சில நூற்றாண்டுகள் கழித்து, அகுஸ்தீனார் தமது வாழ்க்கையையும் பாவங்களையும் எடுத்துரைக்கும் நூலிலே தம் நண்பர் அலிப்பியஸ் குறித்து இதையொத்த செய்தியொன்றைச் சொல்கிறார். உரோமாபுரியில் நண்பர்கள் அவரை வற்புறுத்தி வாட்போர் அரங்குக்கு இழுத்துச் செல்ல, அவர் கண்களை இறுக மூடியிருக்கிறார். காதுகளை மூடவில்லை. வீரனொருவன் வீழ்ந்தபோது எழுந்த பேரொலி அவரது கண்களைத் திறந்துவிடுகின்றது. அதன்பின் அவரும் அக்கூட்டத்தில் ஒருவராகிவிடுகிறார்.

சண்டைப் படம் பார்ப்பவனின் இன்பமும் லியோன்தியசின் இன்பமும் ஒன்றேயாயின், கற்றோரின் கண்டனம் நியாயமானதே. இரண்டும் ஒன்றுதானா என்பதைப் பொதுப்படப் பேசித் தீர்க்கவியலாது. குறிப்பிட்ட ஒரு படத்தை எடுத்து நோக்குதல் பயன்தரும்.

வேல்ஸ் நாட்டவரான கரெத் எவன்ஸ் இந்தோனேசியாவிலே, அந்நாட்டு மொழியில், அந்நாட்டுக் கலைஞரைக் கொண்டு நெறிப்படுத்திய 'த றெயிட்' 2011 இல் வெளிவந்தது. ஏறத்தாழ 11 இலட்சம் அமெரிக்க டொலர் செலவில் உருவான சிறிய படம் அது. கதையை ஒரு வாக்கியத்தில் அடக்கிவிடலாம்: ஜகார்த்தாவின் வறிய பகுதியொன்றில் போதைப்பொருள் தலைவன் ஒருவனது ஆட்சிக்குட்பட்ட மாடிக் கட்டடத்தினுள் இருபது பேர் கொண்ட பொலிஸ் குழு நுழைந்து, அகப்பட்டுக்கொண்டு, மாடி மாடியாகப் போராடுகின்றது. போராட்டத்தின் அடிப்படை சிலாட் என்னும் மலாய் உலகப் போர்க்கலை. இந்தோனேசியாவின் பென்சாக் சிலாட் மரபு 2019 இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. படம் பல நாடுகளிலும் பெரும் வரவேற்பைப் பெற்றது. அமெரிக்க விமர்சகர் றொஜர் ஈபேர்ட்டோ நான்கு நட்சத்திரங்களில் ஒன்றையே வழங்கி, இதில் மனிதரே இல்லை என்ற பொருள்படக் கண்டித்தார். அவரது கண்டனத்துக்குப் பின்னர் மீளுதல் வேண்டும்.

இப்படத்தின் தொடக்கப் பகுதியிலே ஒரு காட்சி. தலைவன் தன் அறையில் உணவருந்திக்கொண்டிருக்கிறான். முன்னே சிலர் கைகள் கட்டப்பட்டு முழந்தாளிட்டிருக்கின்றனர். அவன் எழுந்து சென்று ஒருவர்பின் ஒருவராகச் சுடுகிறான். ரவை தீர்ந்துவிடுகின்றது. ஒருவன் மட்டும் எஞ்சியிருக்கிறான். தலைவன் அமைதியாக மேசைக்குச் சென்று லாச்சியைத் திறந்து சுத்தியலொன்றை எடுக்கிறான். எஞ்சியவன் காத்திருக்கிறான்.

இக்காட்சியிலே மகிழ்வோர் மிகச் சிலராகவே இருப்பர். பெரும்பாலோர் உடல் கூசித் திரும்புவர். ஆயின் அதே பார்வையாளர், அரைமணி நேரத்தின் பின்னர் ஒடுங்கிய நடைவழியொன்றில் கதாநாயகன் றாமா தன்மேற் பாய்வோரை ஒருவர்பின் ஒருவராக வீழ்த்தும்போது மெய்சிலிர்க்கின்றனர். சிந்தும் குருதி அங்கே குறைவில்லை. வேறுபாடு எங்கே உள்ளது? முதற் காட்சியில் எதிர்ப்பு இல்லை, இரண்டாவதில் உண்டு. துன்பத்தைக் காண்பதே இன்பமாயின் சுத்தியற் காட்சியே உச்ச இன்பம் தருவதாக இருந்திருக்கும். ஒரே படத்துள், ஒரே மனிதரிடத்தே, இவ்விரு காட்சிகளும் இருவேறு உணர்வுகளை எழுப்புதல், சண்டையின் ஈர்ப்பு லியோன்தியசின் கண்பசியிலிருந்து வேறானது என்பதற்குப் போதிய சான்று. பிணம் எதிர்ப்பதில்லை.

இங்கே தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் செய்யும் ஒரு பாகுபாடு பெரிதும் துணைபுரிகின்றது. வெகுளி என்னும் மெய்ப்பாட்டுக்கு உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்னும் நான்கும் நிலைக்களன்களாகக் கூறப்படுகின்றன. பெருமிதத்துக்கோ கல்வி, தறுகண், புகழ், கொடை என்பன. உறுப்பு அறுபடுதலும் உயிர் கொல்லப்படுதலும் சினத்தின் பாற்பட்டவை; அஞ்சாமை பெருமிதத்தின் பாற்பட்டது; அந்த அஞ்சாமையோடு கல்வி ஒரே வரிசையில் வைக்கப்பட்டிருக்கிறது. சண்டைப் படத்தின் தலையாய சுவை வெகுளியன்று, பெருமிதமே எனக் கொண்டால், கற்றோர் விளங்காது நிற்கும் பல விடயங்கள் விளங்கும். பார்வையாளர் வியந்து நோக்குவது பல்லாண்டுப் பயிற்சியால் ஓர் உடலுட் சென்று தங்கிவிட்ட கல்வியையே.

ஹொங்கொங் நெறியாளர் லாவ் கார்-லியுங்கின் 'ஷாஓலினின் 36ஆம் கூடம்' (1978) இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. போர்க்கலைக் குடும்பத்திற் பிறந்து, தந்தையிடமே கலை பயின்று, நீண்டகாலம் சண்டை அமைப்பாளராக இருந்து நெறியாளரானவர் லாவ். இப்படத்தின் பெரும்பகுதி சண்டையே அன்று, பயிற்சி. கைகளை நீட்டியபடி நீர்வாளி சுமத்தல், மிதக்கும் கட்டைகள்மேற் கால் வைத்து நீரைக் கடந்தாலன்றி உணவுக்கூடத்தை அடையமுடியாமை என்றவாறு ஒவ்வொரு கூடத்திலும் ஒரு தோல்வி, பல தோல்விகள், பின்னர் ஒரு தேர்ச்சி. மாணவன் ஒருவன் நீரில் விழுந்து விழுந்து எழுவதை மக்கள் இமைகொட்டாது பார்த்தனர் என்றால், அவர்களது வேட்கை குருதிக்கானது என்று எவ்வாறு கூறமுடியும்?

இவ்வேட்கைக்குச் சமூகக் காரணமும் உண்டு. அன்றாட வாழ்விலே உழைப்புக்கும் பயனுக்குமிடையே கண்ணுக்குத் தெரியும் தொடர்பு இல்லை. அநீதி இழைப்பவனுக்கு முகமும் இல்லை. சம்பளத்தைக் குறைப்பவன் யார், வீட்டைப் பறிப்பவன் யார் எனத் தேடுபவன் ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்கு அனுப்பப்படுகிறான். திரையிலோ தடைக்கு உடலும் முகவரியும் உண்டு. கதவைத் திறந்தால் அங்கே நிற்கும். புறூஸ் லீயை நட்சத்திரமாக்கிய 'த பிக் பொஸ்' (1971) தாய்லாந்தின் ஐஸ் தொழிற்சாலையொன்றில் வேலைசெய்யும் சீனத் தொழிலாளரின் கதை என்பது தற்செயலன்று. அடுத்த ஆண்டு வந்த 'ஃபிஸ்ட் ஒஃப் ஃபியூரி' படத்தில், நாய்களுக்கும் சீனருக்கும் அனுமதியில்லை எனச் ஷாங்காய்ப் பூங்கா வாயிலில் தொங்கும் பலகையை அவர் உதைத்துச் சிதறடிக்கும் கணத்தின் ஆற்றல், சீன மக்களோடு மட்டும் நின்றுவிடவில்லை. எனினும் இவ்விரு படங்களின் முடிவுகளும் மனங்கொள்ளத்தக்கன. முன்னதில் கதாநாயகன் பொலிசாரிடம் தன்னை ஒப்படைக்கிறான். பின்னதில் துப்பாக்கிகளை எதிர்நோக்கிப் பாய்கிறான், பிம்பம் அந்தரத்தில் உறைகின்றது. அடித்த அடிக்கு விலை கொடுத்தாக வேண்டும் என்ற பிரக்ஞை அப்படங்களில் இருந்தது.

இனி, சண்டைக் காட்சி எவ்வாறு உருவாகின்றது என்பதைச் சிறிது நோக்கவேண்டும். இதனைக் கருதாத அறவியல் விசாரணை பாதி விசாரணையே. திரையில் இருவர் ஒருவரையொருவர் அழிக்க முயல்கின்றனர். படப்பிடிப்புத் தளத்திலோ அதே இருவர் ஒருவரையொருவர் காக்க முயல்கின்றனர். உதை எந்தக் கணத்தில் எந்த உயரத்தில் வரும் என்பதை அடிபடுபவன் அறிந்திருக்க வேண்டும். அவன் எந்தப் பக்கம் சாய்வான் என்பதை அடிப்பவன் அறிந்திருக்க வேண்டும். அரை விநாடி பிந்தினால் எலும்பு முறியும். பார்வையாளர் வெற்றியாளனையே பார்க்கின்றனர். கடினமான பணியோ வீழ்பவனுடையது. அடியின் வலிமை அடிப்பவன் கையில் இல்லை, விழுபவன் உடலிலேதான் உள்ளது. ஜாக்கி சான் போன்றோர் சிறுவயதிலேயே பீக்கிங் இசைநாடகப் பள்ளியில் தண்டனைகளுக்கு நடுவே கற்றது இத்தகைய ஒத்திசைவையே. 'த றெயிட்' படத்தின் கதாநாயகனாக வரும் இக்கோ உவைசும், அவனது கொடிய எதிரியாக வரும் யாயான் ருஹியானும் சேர்ந்தே அப்படத்தின் சண்டைகளை வடிவமைத்தனர். தம் பகைமையைத் தாமே கூடியிருந்து இயற்றினர் என்க. எனவே திரையிலே பகைமையின் உச்சமாகத் தோன்றுவது உண்மையில் நம்பிக்கையின் உச்சம். கூர்ந்து பார்க்கும் ரசிகன் இதனை உணர்கிறான். அவனது வியப்பின் ஒரு கூறு இதுவே.

ஆயின் இங்கேயே ஒரு புதிய சிக்கலும் தோன்றுகின்றது. வியப்பு உண்மையைக் கோருகின்றது. வெட்டி வெட்டித் தொகுத்த காட்சியை ரசிகன் நம்பமாட்டான். நீண்ட ஒரே எடுப்பையே நம்புவான். தாய்லாந்தின் ரோனி ஜா 'தொம் யும் கூங்' (2005) படத்தில் ஏறத்தாழ நான்கு நிமிடங்கள் இடைவெட்டின்றிப் படிப்படியாக மாடியேறிச் சண்டையிடும் காட்சி, கமெரா பொய் சொல்லவில்லை என்பதற்கான பிரமாணப் பத்திரம் போன்றது. மெய்யான ஆபத்து கூடக்கூட மெய்யான இன்பமும் கூடுகின்றது. ஜாக்கி சான் 1986 இல் வெளிவந்த 'ஆமர் ஒஃப் கோட்' படத்துக்காக அன்றைய யூகோஸ்லாவியாவில் நடிக்கையில், மரக்கிளை முறிந்து வீழ்ந்து மண்டையோடு உடைந்து உயிராபத்தான நிலையை அடைந்தார். அவ்விபத்தின் படப்பதிவு, படத்தின் இறுதியில், பெயர்கள் ஓடும்போது காட்டப்படுகின்றது. நடிப்பு என்ற திரை அங்கே கிழிந்துவிடுகின்றது. மெய்யான குருதியைக் காணும் பார்வையாளர் ஒருகணம் அலிப்பியசின் இருக்கையில் அமர்ந்திருக்கின்றனர். வெறும் நடிப்புத்தானே என்ற விடை உதவாது போகும் இடம் இது. புகழ்பெற்ற கலைஞராவது தாமே விரும்பி அவ்வாபத்தை ஏற்றார் எனலாம். பெயர்ப்பட்டியலின் அடியில் சிறு எழுத்தில் வரும் சண்டைக் கலைஞர், கூலிக்காக ஏற்றவர். அவர்கள் விழும் ஒவ்வொரு முறையும் கைதட்டு வேறொருவருக்குச் செல்கின்றது.

பெயரில்லாதோர் குறித்த இவ்விடயம் படத்துக்கு வெளியே மட்டும் உள்ளதன்று; படத்துள்ளும் இதுவே மையமான குறை. ஈபேர்ட்டின் கண்டனத்தில் உள்ள உண்மை இங்கேதான். 'த றெயிட்' படத்தில் றாமாவுக்குக் கர்ப்பிணி மனைவி இருக்கிறாள்; அவன் தொழுகிறான்; அவனுக்குத் தமையன் உண்டு. அவன் நடைவழியில் வீழ்த்தும் மனிதருக்கோ எதுவும் இல்லை. அவர்களும் அந்த வறிய கட்டடத்தின் குடியிருப்பாளரே. அவர்களுக்காகவும் ஏதேனும் ஒரு மாடியில் எவரேனும் காத்திருக்கக்கூடும். படம் அதனை நினைக்க நேரம் தருவதில்லை. ஓயாமை என்பதன் அறவியற் பொருள் இதுவே. இடைவிடாத சண்டை, சண்டையின் அளவைக் கூட்டுவதோடு நில்லாது, வீழ்ந்தவனைத் திரும்பிப் பார்க்கும் கணத்தையும் அகற்றிவிடுகின்றது. பெருமிதம் இருவர் சமமாக நின்றால் மட்டுமே பிறக்கும். எதிர்நிற்பவன் ஆளாக இல்லாது வெறும் தடையாகிவிடும்போது கல்வியும் தறுகண்ணும் வெறும் வினைத்திறனாகச் சுருங்கி, சுத்தியற் காட்சிக்கும் நடைவழிக் காட்சிக்கும் இடையிலிருந்த தூரம் குறையத் தொடங்குகின்றது. எதிர்ப்பு இருந்தது என்ற ஒரு நூலிழை மட்டுமே அப்போது இரண்டையும் பிரித்து நிற்கும்.

படம் ஓயும் இடங்கள் சிலவே. அவையே அதன் சிறந்த இடங்கள். காயமுற்ற தோழனொருவனோடு றாமா சுவருக்குப் பின்னே ஒளிந்திருக்கையில், தேடிவந்தோர் சுவரினூடாக நீண்ட கத்தியைச் செருகுகின்றனர். கத்தி அவன் கன்னத்தைக் கிழித்து நிற்கின்றது. குருதி படிந்து வெளியேறினால் ஒளிவிடம் வெளிப்பட்டுவிடும். கத்தி பின்னிழுக்கப்படும்போது அவன் துணியால் அதனைப் பற்றித் துடைத்துவிடுகிறான். ஓரடிகூட அடிக்கப்படாத இக்காட்சியில் உடலின் வலி உடலின் வலியாகவே இருக்கின்றது.

ஓயாமல் சண்டையிட்டும் எதிரியை மனிதனாக வைத்திருத்தல் முடியாத காரியமன்று. புறூஸ் லீ தாமே நெறிப்படுத்திய 'வே ஒஃப் த டிராகன்' (1972) உரோமாபுரியின் கொலோசியத்திலே, பண்டைய வாட்போர் அரங்கின் இடிபாடுகளிலே, உச்சம் அடைகின்றது. அவர் சக் நொறிசுடன் பொருதி, அவர் தோற்ற பின்னும் விலகாது மீண்டும் வரவே, கொல்ல நேர்கின்றது. கொன்றபின் அவரது மேலாடையையும் கறுப்புப் பட்டியையும் எடுத்து வந்து உடல்மீது போர்த்தி, முழந்தாளிட்டு ஒருகணம் இருக்கிறார். அதற்கு முன்பு உணவகத்தின் பின்புறத்தில் அவர் வீழ்த்திய அடியாட்களுக்கு இம்மரியாதை கிடைக்கவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கதே. லாவ் கார்-லியுங் இன்னும் ஒருபடி மேலே சென்றார். 1978 இல் அவர் தந்த 'ஹீரோஸ் ஒஃப் தி ஈஸ்ற்' படத்தில் சீனக் கணவனுக்கும் யப்பானிய மனைவிக்கும் எந்நாட்டுக் கலை சிறந்தது என்ற பிணக்கு மூள, யப்பானியப் போர்க்கலை வல்லுநர் பலர் ஒருவர்பின் ஒருவராக வந்து கணவனுடன் பொருதுகின்றனர். வாள், ஈட்டி, கராத்தே, ஜூடோ என ஒவ்வொருவருக்கும் ஒரு கலை. படத்தின் பிற்பாதி ஏறக்குறைய முழுவதும் சண்டைதான். ஒருவரும் சாகவில்லை. யப்பானியரைக் கொடியவராகக் காட்டுவதே வழக்கமாயிருந்த ஒரு திரைப்படத் துறையிலே இது துணிவான செயல். விறுவிறுப்பு எள்ளளவும் குன்றவில்லை என்பதே இங்கு முக்கியமான சான்று.

இவ்விடத்தில் 'த றெயிட்' படத்தின் மிகவும் சங்கடமான பாத்திரத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். 'விசர்நாய்' என்று பொருள்படும் பெயரால் அழைக்கப்படும் அடியாள் அவன், உருவத்திற் சிறியவன். பொலிஸ் அதிகாரி ஒருவரைத் துப்பாக்கி முனையில் அறைக்குள் கொண்டுசென்று, துப்பாக்கியை அப்பால் வைத்துவிட்டு வெறுங்கையோடு பொருது அவரைக் கொல்கிறான். பின்னர், தான் சங்கிலியில் தொங்கவிட்டுச் சித்திரவதை செய்யும் றாமாவின் தமையனைத் தானே இறக்கிவிட்டு, அண்ணன் தம்பி இருவரோடும் ஒருங்கே பொருதுகிறான். படம் முழுவதிலும் சம ஆட்டத்தின் ஒழுங்கைக் கடைப்பிடிப்பவன் இவன் ஒருவனே. நல்லவர் இருவர் சேர்ந்து, உடைந்த குழல் மின்விளக்கொன்றைக் கழுத்திற் செருகித்தான் அவனை அடக்கமுடிகின்றது. அவன் நல்லவனல்லன், சித்திரவதை செய்பவன், கொலைஞன். எனினும் அவன் வீழ்கையில் பார்வையாளர் மகிழ்வதில்லை. கலையைக் கலைக்காகவே நேசித்த ஒருவன் போய்விட்டான் என்ற இழப்புணர்வு, நீதி நிலைநாட்டப்பட்டது என்ற திருப்தியை முந்திக்கொள்கின்றது. நடைவழியில் வீழ்ந்தவர்களுக்காக ஒருகணமும் தயங்காத அதே பார்வையாளர், இக்கொலைஞனுக்காகத் தயங்குகின்றனர். அவனுக்கு ஒரு பெயரும் ஒரு விருப்பமும் இருந்தன.